நான்கு இலக்கம் அழுத்தும்வரை அடிக்கும் தொலைபேசி

அமெரிக்காவில் ஒரு வகைத் தொலைபேசி அழைப்பு உண்டு. எடுத்தால் மறுமுனையில் ஆள் இருக்காது. பதிவு செய்து வைத்த குரல் ஒன்று, இன்ன சிறையில் இருந்த இன்னாருடைய காவல் நிலை மாறிவிட்டது என்று சொல்லும். கேட்டுவிட்டு வைத்துவிட முடியாது. இந்தச் சேவைக்குப் பெயர் கொடுத்தபோது நீங்களே தேர்ந்தெடுத்த நான்கு இலக்க எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சற்று நேரம் கழித்து மறுபடி அடிக்கும். நள்ளிரவா, விடிகாலையா என்று பார்க்காது. எண்ணை அழுத்தும்வரை, அல்லது அந்த மாநிலம் வைத்திருக்கும் கெடு முடியும்வரை விடாது.

இந்தச் சேவையின் பெயர் ‘வைன்’. ‘பாதிக்கப்பட்டோருக்கான அன்றாடத் தகவலும் அறிவிப்பும்’ என்ற பொருளில் வரும் நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. தன்னை அடித்தவன், வல்லுறவு செய்தவன், தன் பிள்ளையைக் கொன்றவன் சிறையில்தான் இருக்கிறானா, வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களா, ஜாமீனில் வந்துவிட்டானா, தப்பி ஓடிவிட்டானா என்பதை ஒருவர் காசு கொடுக்காமல் தெரிந்துகொள்ளலாம். அழைப்பாகவோ குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வரும். யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துக்குப் போக வேண்டும். 1993 டிசம்பர் 6. மேரி பைரன் என்ற பெண்ணுக்கு அன்று 21 வயது நிறைந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய முன்னாள் காதலன் துப்பாக்கி முனையில் அவரை வல்லுறவு செய்து, கைதாகி, உள்ளூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தான். உள்ளே இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குடும்பம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவனுக்காக ஜாமீன் தொகை கட்டப்பட்டது. அவன் வெளியே வந்தான். மேரிக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. பிறந்தநாளன்று வேலை முடிந்து தன் காரில் உட்கார்ந்திருந்தவரை அவன் அருகில் நின்று ஏழு முறை சுட்டான்.

கென்டக்கியில் ஜாமீன் விஷயத்தில் ஒரு தனி வழக்கம் உண்டு. மற்ற பல மாநிலங்களில் கமிஷன் வாங்கிக்கொண்டு ஜாமீன் கட்டும் தரகர்கள் இருப்பார்கள். கென்டக்கி அந்தத் தொழிலை 1976லேயே தடை செய்துவிட்டது. பணம் நேராக நீதிமன்றத்துக்குப் போகும். நல்ல சீர்திருத்தம்தான், ஏழையின் கழுத்தில் தரகன் உட்காராமல் பார்த்துக்கொண்டது. ஆனால் பணம் கட்டியதற்கும் கதவு திறந்ததற்கும் இடையில், ‘இந்த ஆள் வெளியே போகிறான், அந்தப் பெண்ணுக்குச் சொல்லியாயிற்றா?’ என்று கேட்க எங்கேயும் ஒரு நாற்காலி இல்லை. தரகர் இருந்த மாநிலங்களிலும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். சிறை அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரியும், அவனுடைய உடைமைகளைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருப்பாரே. ஊரின் மறுபக்கத்தில் ஒரு வீட்டுக்கு அது தெரிந்தாக வேண்டும். இடையில் தேவைப்பட்டது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அது யாருடைய வேலையும் அல்ல. நீதிபதி சொன்னால் அடைப்பது, நீதிபதி சொன்னால் திறப்பது, இவ்வளவுதான் சிறையின் பொறுப்பு.

அந்தக் கொலைக்குப் பிறகு மைக் டேவிஸ், யுங் நுயென் என்ற இருவர் உள்ளூர் அதிகாரிகளோடு பேசி, சிறையின் கணினியையும் தொலைபேசியையும் இணைத்தால் போதுமே என்று இறங்கினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1994 டிசம்பரில், லூயிவில் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற உள்ளூர் ஆட்சிப் பகுதி) சேவை தொடங்கியது. அவர்களுடைய நிறுவனம் பின்னாளில் ‘அப்ரிஸ்’ என்று பெயர் பெற்றது. மேரியின் பெயரில் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்தது.

ஆயிரம் சிறைகள், ஆயிரம் பேரேடுகள்

இதன் உள்ளே நடப்பது கேட்க எளிமையாகத்தான் இருக்கும். கைதானவரைச் சிறைக்குள் எடுக்கும்போது பெயர், பிறந்த தேதி, வழக்கு, கைதி எண் எல்லாம் கணினியில் ஏறும். அந்தக் கணினியோடு இணைத்த ஒரு நிரல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாற்றத்தை மையத்துக்கு அனுப்பும். மையத்தில் அந்தக் கைதியின் பெயரில் யாராவது பதிவு செய்திருந்தால் அழைப்பு கிளம்பும்.

சிக்கல் ‘சிறை’ என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் கிளைச் சிறை, மாவட்டச் சிறை, மத்திய சிறை என்று எத்தனை இருந்தாலும் மேலே மாநிலத்துக்கு ஒரே சிறைத்துறைதான். அமெரிக்காவில் தண்டனை பெற்றவர்கள் இருக்கும் பெரிய சிறை மாநிலத்தின் கையில். கைதானவுடன் கொண்டுபோகும் கவுண்டிச் சிறை வேறு, பெரும்பாலும் தேர்தலில் நின்று ஜெயித்த ஷெரிஃப் என்ற காவல் அதிகாரி ஒருவரின் கையில். அப்படிப்பட்ட உள்ளூர்ச் சிறைகள் சுமார் 3,000. 2022 ஜூனோடு முடிந்த ஓராண்டில் மட்டும் அவற்றுக்குள் 73 லட்சம் முறை ஆட்கள் உள்ளே எடுக்கப்பட்டார்கள் என்கிறது அந்நாட்டு அரசுக் கணக்கு. கொரோனாவுக்கு முன்பு இது ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு சிறைக்கும் ஒரு மென்பொருள், ஒரு சொல்வழக்கு. ஒருவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனால் ஒரு சிறை அதை ஒரு குறியால் எழுதும், பக்கத்துக் கவுண்டி வேறு குறியால் எழுதும். பக்கத்துச் சிறைக்கு மாற்றுவதையே சிலர் ‘விடுவிப்பு’ என்று பதிவார்கள், அவர்களைப் பொறுத்தவரை ஆள் போயாயிற்று. ஆக, இந்தச் சேவையை நடத்துவோரின் உண்மையான உழைப்பு தொலைபேசியில் இல்லை. இந்த ஆயிரக்கணக்கான பேரேடுகளை ஒரே மொழிக்குக் கொண்டுவருவதில் இருக்கிறது.

அந்த மொழிபெயர்ப்பு எங்கேயாவது பிசகினால் விளைவு இரண்டில் ஒன்று. மாற்றப்பட்டவன் விடுதலையானதாக அழைப்பு வந்து ஒரு பெண் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுவார். அல்லது விடுதலையானவன் உள்ளே இருப்பதாகவே காட்டும். முதல் பிழை கொடுமை. இரண்டாவது, 1993 டிசம்பர் 6 மறுபடி வருவது.

நான்கு இலக்க எண்ணுக்கு வருவோம். அதை எரிச்சலூட்டும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அழைப்பை எடுத்தது வீட்டில் உள்ள குழந்தையா, பதில் பதிவு செய்யும் கருவியா, செய்தி போகக்கூடாத வேறு யாருமா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. உரியவர் காதில் விழுந்தது என்று உறுதிசெய்ய அதற்கு அந்த எண் தேவை. ஆனால் இதே எண்ணை ஒரு பெண் எப்போது தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசியுங்கள். கைது நடந்த இரவில், காயத்துக்குக் கட்டுப்போட்ட கையோடு, யாரோ கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து. ஆறு மாதம் கழித்து, விடிகாலை மூன்று மணிக்கு, ‘அவன் வெளியே வந்துவிட்டான்’ என்ற குரலுக்குப் பிறகு அந்த நான்கு இலக்கம் நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்தச் செய்தியே அரைமணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்.

வேடிக்கையான ஒன்றும் உண்டு. பதிவு செய்ய நீங்கள் பாதிக்கப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதனால் சிறையில் இருப்பவர்களின் தாய்மாரும் மனைவியரும்கூட இதில் பதிவு செய்கிறார்கள். மகனை எந்தச் சிறைக்கு மாற்றினார்கள் என்று குடும்பத்துக்கு யாரும் சொல்லாத ஊரில், அவனால் பாதிக்கப்பட்டவருக்காகக் கட்டிய சாளரத்தின் வழியாக அவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சொல்லப்போனால் இரண்டு பக்கத்துக்கும் இருந்தது ஒரே குறைதான்: சிறை யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

சொல்லியாயிற்று, பிறகு?

செய்தி எப்போது வருகிறது என்பது முக்கியம். மாநிலச் சிறையில் தண்டனை முடிந்து வருபவருக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். அறிவிப்பும் முன்கூட்டியே வரலாம். பரோல் விசாரணை என்றால் பாதிக்கப்பட்டவர் போய்த் தன் தரப்பைச் சொல்லவும் நேரம் இருக்கும். கவுண்டிச் சிறையில் அப்படியல்ல. ஜாமீன் கட்டிய சில மணி நேரத்தில் ஆள் வெளியே. பேரேட்டில் அந்தப் பதிவு மூடப்பட்ட பிறகுதான் மாற்றம் மையத்துக்குத் தெரியும், பிறகுதான் அழைப்பு. தொலைபேசி அடிக்கும்போது அவன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறானோ, பாதி வழி வந்துவிட்டானோ.

அபாயம் அதிகம் இருப்பதும் இந்த இரண்டாவது வகையில்தான். துணைவரால் கொல்லப்படும் பெண்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த ஜாக்குலின் கேம்ப்பெல், அமெரிக்காவின் 11 நகரங்களில் சக ஆய்வாளர்களோடு நடத்தி 2003ல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகவே சொன்னது: பெண் உறவை விட்டு விலகும் காலமும், அந்த ஆண் கையில் துப்பாக்கி இருப்பதும் கொலை ஆபத்தைப் பலமடங்கு கூட்டுகின்றன. புகார் கொடுப்பது என்பதே விலகலின் உச்சம். கைதாகி இரண்டு நாளில் ஜாமீனில் வருபவன், அந்த அவமானம் ஆறாமலே வருகிறான்.

அழைப்பு வந்த பிறகு அவள் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சேவையை நடத்துவோரே பதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தச் சேவையை மட்டும் நம்பி உங்கள் பாதுகாப்பை விட்டுவிட வேண்டாம். ஆபத்து என்று தோன்றினால் அந்த ஆள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையை அவர்கள் பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். நேர்மையான வாசகம்தான். ஆனால் அதை இரண்டாவது முறை படித்தால் பொறி தட்டும். அவன் வெளியே வந்துவிட்டதாகவே எப்போதும் நினைத்து வாழ வேண்டும் என்றால், வந்துவிட்டான் என்று சொல்லும் இயந்திரம் எதற்கு?

என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேரி பைரனுக்கு அந்த ஓர் அழைப்பு வந்திருந்தால் அன்று அந்த வாகன நிறுத்துமிடத்துக்குத் தனியாகப் போயிருக்க மாட்டார். ஆனால் முப்பது ஆண்டுகளில் சத்தமில்லாமல் ஒன்று கைமாறியிருக்கிறது. ‘உனக்கு ஆபத்து வந்தால் எச்சரிப்பது எங்கள் கடமை’ என்று அரசு சொல்ல வேண்டிய இடத்தில், ‘நீ பதிவு செய்து வைத்துக்கொள்’ என்பது வந்து உட்கார்ந்துவிட்டது. பதிவு செய்யாதவருக்கு அழைப்பு இல்லை. எண் மாற்றி, புது எண்ணைக் கொடுக்க மறந்தவருக்கு இல்லை. அவனுக்குப் பயந்து சிம் கார்டை உடைத்துப் போட்டுவிட்டு ஊர் மாறிய பெண்தான் இந்த வலையிலிருந்து முதலில் நழுவி விழுபவர். தப்பித்தல் எவ்வளவு முழுமையோ, தகவல் அவ்வளவு எட்டாது.

சட்டத்தையும் பாருங்கள். பாதிக்கப்பட்டோர் உரிமை என்று அமெரிக்காவில் எழுந்த அலைக்கு இன்னொரு கொலையும் காரணம். 1983ல் கலிபோர்னியாவில் மார்ஸி நிக்கலஸ் என்ற மாணவியை அவருடைய முன்னாள் காதலன் கொன்றான். இறுதிச் சடங்கு முடிந்து சில நாளில் மளிகைக் கடைக்குப் போன அவருடைய தாய் அங்கே அவனையே நேருக்கு நேர் பார்த்தார். ஜாமீனில் வந்திருந்தான், யாரும் சொல்லவில்லை. மார்ஸியின் அண்ணன் ஹென்றி நிக்கலஸ் பிற்பாடு பெரும் செல்வந்தரானார். அவர் பணம் போட்டு முன்னெடுத்த ‘மார்ஸி சட்டம்’ 2008ல் கலிபோர்னியா வாக்காளர்களால் ஏற்கப்பட்டு, பிறகு வேறு மாநிலங்களுக்கும் பரவியது. மத்திய அளவில் 2004ல் வந்த குற்றப் பாதிப்பாளர் உரிமைச் சட்டம், குற்றவாளி விடுவிக்கப்பட்டாலோ தப்பினாலோ நியாயமான, துல்லியமான, உரிய நேரத்து அறிவிப்பு பெறும் உரிமையை எழுத்திலேயே தந்தது.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அரசு அதைச் செய்யத் தவறினால் இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது. மாநிலங்கள் பலவும் இதே தாழ்ப்பாளைப் போட்டிருக்கின்றன. காவல்துறை கடமை தவறினால் என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2005ல் சொன்ன பதில் இன்னும் கசப்பு. கொலராடோவின் காசில் ராக் ஊரில் ஒரு தாய் கணவருக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை வாங்கியிருந்தார். 1999ல் ஒருநாள் அவன் மூன்று பெண் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனான். அன்றிரவு அவர் திரும்பத் திரும்பக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் மூவரும் கொல்லப்பட்டார்கள். தடையாணையைக் காவல்துறை அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்க அவருக்கு அரசமைப்புச் சட்டப்படி உரிமை இல்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைனை வைத்துப் பாருங்கள். அழைப்பு வருகிறது, அவள் எண்ணை அழுத்துகிறாள், ‘செய்தி பெறப்பட்டது’ என்று பதிவாகிறது. அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் காவலர் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்று யாரையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

அறிவிப்பு பொய் சொல்லவும் கூடும், அதுவும் எந்தக் கணினிப் பழுதும் இல்லாமல். சிறுமிகளைச் சீரழித்த செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் வழக்கு இதற்குச் சாட்சி. 2007 செப்டம்பரில் புளோரிடாவின் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவரோடு ரகசியமாக ஓர் உடன்பாடு செய்துகொண்டது, மத்திய அரசு வழக்குத் தொடுக்காது என்று. 2008 ஜனவரியில் அவரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எஃப்.பி.ஐ.யிடமிருந்து முறைப்படி அறிவிப்புக் கடிதம் போனது: வழக்கு விசாரணையில் இருக்கிறது, நாளாகலாம், பொறுமையாக இருங்கள் என்று. உடன்பாடு கையெழுத்தாகி அப்போதே மாதங்கள் ஓடியிருந்தன. இது சட்ட மீறல் என்று 2019 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி கென்னத் மாரா சொன்னார். 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டே பதிவாகாத நிலையில் பாதிக்கப்பட்டவர் அந்தச் சட்டத்தின் கீழ் தனியாக வழக்குப் போட முடியாது என்று கதவைச் சாத்தியது. ‘வழக்கின் நிலை’ என்று அறிவிப்பில் வருவது, அலுவலகம் எதைப் பதிவேட்டில் எழுத விரும்பியதோ அதுதான்.

இயந்திரத்துக்குப் பதில் ஆளை வைத்தால் சரியாகிவிடுமா? பிரிட்டனின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வன்முறை, பாலியல் குற்றங்களில் குற்றவாளிக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், பாதிக்கப்பட்டவருக்கு நன்னடத்தைத் துறையிலிருந்து ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். கடிதம் போடுவார், கூப்பிடுவார், பரோல் நிபந்தனைகளைப் பற்றிக் கருத்துக் கேட்பார். ஆனாலும் 2018 ஜனவரியில் லண்டன் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர் ஜான் வொர்பாய்ஸை விடுவிக்கப் பரோல் வாரியம் எடுத்த முடிவு வெளியானபோது, அவனால் மயக்க மருந்து கொடுத்துச் சீரழிக்கப்பட்ட பெண்களில் சிலர் அதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது சில பெண்களின் வழக்கில் மட்டும். புகார் கொடுத்தும் வழக்காகாமல் போனவர்கள் பலர். அவர்கள் அந்தத் திட்டத்தின் கண்ணில் ‘பாதிக்கப்பட்டவர்’ கணக்கிலேயே வரமாட்டார்கள். இரண்டு பெண்கள் நீதிமன்றம் போனார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் விடுதலை முடிவை ரத்து செய்தது. பரோல் வாரியத் தலைவர் பதவி விலகினார். வாரியம் தன் முடிவின் காரணங்களை வெளியே சொல்லக் கூடாது என்றிருந்த விதியும் அதோடு விழுந்தது. தகவல் கிடைத்ததோடு நிற்காமல், அதை வைத்து ஏதாவது செய்ய வழி இருந்தது என்பதுதான் அங்கே வித்தியாசம்.

படிக்கிறவர்களுக்கு நம் நாட்டில் என்ன என்ற கேள்வி இதற்குள் வந்திருக்கும். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணை உட்பட நீதிமன்ற நடவடிக்கை எதுவானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் துல்லியமாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் சொற்களையே கேட்பதுபோல் இருக்கும். இது வெறும் சம்பிரதாயமல்ல, கட்டாயம் என்று 2021ல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகள் தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தபோது, இவ்வளவு பெரிய முடிவை எடுக்குமுன் என் பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லையே என்றுதான் அவர் கேட்டார். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களைத் திருப்பி அனுப்பியது.

அதே 2022ன் மார்ச் கடைசியில் உச்ச நீதிமன்றம் ‘ஃபாஸ்டர்’ என்ற மின்வழியைத் தொடங்கியிருந்தது. ஜாமீன் உத்தரவு தபாலில் தாமதமாகி, விடுதலை கிடைத்தவர் நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும் அநியாயத்தைத் தீர்க்க, உத்தரவைச் சிறைக்குப் பாதுகாப்பாக, வேகமாக அனுப்பும் ஏற்பாடு. மிகத் தேவையான காரியம். உத்தரவு போகும் அந்தக் கம்பியிலேயே இன்னொரு நகலைப் பாதிக்கப்பட்டவரின் கைபேசிக்கும் அனுப்பினால் என்ன என்று இந்தத் துறையைப் படித்தவனுக்குத் தோன்றாமல் இருக்காது.

அமெரிக்கக் கதையில் இன்னொரு கிளை இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறைகளின் பேரேடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தால், அந்த ஓடைக்குச் சந்தையில் விலை உண்டு. 2021ல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன்தகவல் நிறுவனம், வைனை நடத்திவந்த அப்ரிஸின் தகவல் பிரிவை சுமார் 182 கோடி டாலருக்கு வாங்கியது. 2017ல் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் சொந்தத் தகவலைத் திருட்டுக் கொடுத்த அதே ஈக்விஃபாக்ஸ்தான். வேலைக்கு எடுக்குமுன் ஒருவரின் பின்னணியைப் பார்க்கும் முதலாளிகளுக்கு, யார் எந்தச் சிறையில் இருக்கிறார் என்ற தகவல் சரக்கு. 2022ல் வெளிவந்த செய்திகளின்படி அதே சிறைத் தகவல் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் விற்கும் நிறுவனத்தின் வழியாகக் குடிவரவுத் துறைக்கும் எட்டியது. குடிவரவுத் துறைக்குத் தகவல் தரமாட்டோம் என்று சட்டம் போட்டிருந்த கொலராடோ போன்ற இடங்களின் வேலியைப் பின்வாசல் வழியாகத் தாண்டலாம் என்று ஆர்வலர்கள் கொதித்தார்கள். ஒரு பெண்ணின் சாவிலிருந்து பிறந்த கருவி, ஆவணம் இல்லாத இன்னொரு பெண்ணைப் பிடிக்கவும் பயன்படுகிறது. அப்படிப்பட்ட பெண் தன்னை அடிப்பவன்மேல் புகார் கொடுக்கத் துணிவாளா என்பதைக் கணக்கில் யார் எழுதுவது?

குடிவரவுத் துறையே 2017ல் வைனின் ஒரு கிளையைத் தனக்கென்று தொடங்கியது, வெளிநாட்டவர் செய்யும் குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு என்று சொல்லி. விரைவிலேயே குடிவரவு வழக்கறிஞர்கள் அதில் தேடிப் பார்த்தபோது, தடுப்பு மையங்களில் தாயோடு அடைக்கப்பட்டிருந்த கைக்குழந்தைகளின் பெயர்களும் வந்தன. யாருக்கு என்ன குற்றம் இழைத்தார்கள் அந்தக் குழந்தைகள் என்று இயந்திரம் கேட்கவில்லை. காவலில் இருக்கும் ஆள், பிறந்த தேதி, நிலை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மத்திய அரசின் வழக்குகளுக்கு நீதி அமைச்சகம் தனியாக ஓர் அறிவிப்பு முறை வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 20ஐ ஒட்டி அது ஓயாமல் இயங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு, பதவியேற்ற அன்றே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். 14 பேரின் தண்டனையைக் குறைத்தார். சிறைக் கதவுகள் அன்றிரவே திறக்கத் தொடங்கின. அந்த வழக்குகளில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற கட்டத்தில் இருந்தவர்கள் யார்? அடிவாங்கிய காவலர்கள். நாடாளுமன்றக் காவல் படையில் சார்ஜென்டாக இருந்து, அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் வேலையைவிட்டு விலகிய அக்விலினோ கோனெல் அவர்களில் ஒருவர். தன்னைத் தாக்கியவர்கள் வெளியே வருகிறார்கள் என்று நீதி அமைச்சகத்திலிருந்து தொலைபேசிக்கு அடுத்தடுத்து அழைப்பு வந்துகொண்டிருப்பதை அவர் பொதுவெளியில் சொன்னார்.

அப்போது எந்தப் பேரேடும் பிசகவில்லை. யாருடைய எண்ணும் மாறியிருக்கவில்லை. 2004ன் சட்டம் கேட்ட மூன்றும், நியாயமாகவும் துல்லியமாகவும் உரிய நேரத்திலும், அப்படியே நடந்தது. ஒரு பெயர், ஒரு சிறை, விடுவிப்பு. அடுத்த பெயர், இன்னொரு சிறை, விடுவிப்பு.